ஆண்டிக்குத் தோண்டி எதற்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். நாட்டுப்பாடல்களில் தத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி, அவன் நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டி, கொண்டுவந்தான் ஒரு தோண்டி, மெத்தக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தாண்டி’ என்ற பாடலுக்குத் தரப்பட்ட விளக்கம்தான் எனக்குப் போதவில்லை. ஆண்டி சீவன், குயவன் பிரமன், தோண்டி உடம்பு, நாலும் ஆறும் கூட்டினால் கருவிலிருந்த பத்து மாதம், ஆகவே யாக்கை நிலையாமை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் காலங்காலமாகக் கேட்டுவரும் விளக்கம் இது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டில் தோண்டி தானாக உடையவில்லையே! ‘மெத்தக் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தாண்டி’ என்றல்லவா இருக்கிறது? மண்பாண்டம் என்றைக்காவது உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒரு சித்தர் வர வேண்டுமா?

பாட்டு நடக்கும் இடத்தைப் பாருங்கள். நந்தவனம் கோயிலுக்குப் பூக்கொடுக்கும் தோட்டம். அங்கே செடிகளுக்கு நீர் ஊற்றுவதும் பூப்பறித்து மாலை கட்டுவதும் ஆண்டிகளும் பண்டாரங்களும் செய்துவந்த தொண்டு. தோண்டியோ கிணற்றில் நீர் மொள்ளும் பாத்திரம். அப்படியானால் அவன் மாதக்கணக்கில் குயவனிடம் கெஞ்சியது ஒரு காரியத்துக்காகத்தான். ஆனால் ஒரு செடிக்காவது தண்ணீர் ஊற்றினான் என்று பாட்டில் இல்லை. கையில் கிடைத்ததும் ஆடினான், உடைத்தான். பாட்டின் குத்தல் இதில்தான் இருக்கிறது. பொத்தாம்பொதுவாக நிலையாமை என்று சொல்லிவிட்டால், ‘எல்லாம் ஒருநாள் போகிறதுதானே’ என்ற பெருமூச்சோடு நாம் எழுந்து போய்விடலாம். குற்றவாளி யார் என்ற கேள்வியே எழாது.

இது என் கற்பனை என்று நினைப்பவர்கள் முழுப் பாட்டையும் எடுத்துப் பார்க்கலாம். இதைப் பாடிய கடுவெளிச் சித்தரின் ‘ஆனந்தக் களிப்பு’ என்ற நீண்ட பாடலில் ஆண்டி ஒரு கண்ணி (ஒரு சிறு பகுதி) மட்டுமே. ‘பாபஞ்செய் யாதிரு மனமே’ என்பதுதான் பல்லவி. மற்றக் கண்ணிகளில் பலவும் நடத்தையைப் பற்றியவை. யாரையும் தூற்றாதே, நட்புக்கொண்டு பிரிந்தபின் கோள் சொல்லாதே, கஞ்சா பிடிக்காதே, கள் குடிக்காதே என்று நீளும். ‘கள்ள வேடம் புனையாதே’ என்றவர் அதே மூச்சில் ‘பல கங்கையிலே உன் கடம் நனையாதே’ என்கிறார்; கடம் என்றால் இங்கே உடம்பு. செய்வதையெல்லாம் செய்துவிட்டுத் தீர்த்தத்தில் முழுகிக் கரையேறிவிடலாம் என்ற கணக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. (மேடைச் சொற்பொழிவுகளில் ஆண்டி வரும் அளவுக்கு இந்த வரி வருவதில்லை, காரணத்தை ஊகிப்பது கடினமில்லை.) எமன் வந்து கொண்டோடுவான் என்ற மிரட்டலும் பல்லவியிலேயே உண்டு. எனக்கு அது அவ்வளவாக ருசிப்பதில்லை.

மெட்டும் கவனிக்க வேண்டியது. ஆனந்தக் களிப்பைக் கேட்டால் கை தானாகத் தாளம் போடும். கூத்தாடிக் கெட்டவனின் கதையைக் கூத்தாடத் தூண்டும் மெட்டில் அமைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கேட்பவனும் ஆடிக்கொண்டேதான் கேட்கிறான்; கையில் தோண்டியும் இருக்கிறது.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த இதழில் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு கண்ணியோடு நிறுத்தாமல் பாடல் முழுவதையும் அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் ஓவியத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

தங்கள் வாசகன்,
கும்பகோணம்.