மழை பெய்தும் தீராத வறட்சி

ஃபிரெஸ்னோ, கலிபோர்னியா
28 மே 2023

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி எங்கள் இருவருக்கும் பெரும் மகிழ்ச்சி அளித்தது. தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டுகிறோம். இங்கு நாங்களும் நலமே.

"இத்தனை மழை பெய்த பிறகு உங்கள் வறட்சி ஒழிந்திருக்குமே?" என்று கேட்டிருந்தாய். இந்த வசந்தத்தில் இங்கு எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதும் அதைத்தான். ஆனால் "ஒழிந்துவிட்டது" என்று அவர்கள் சொல்லும் பதில் பாதி உண்மையாகவே எனக்குப் படுகிறது.

மழையைப் பற்றி நீ கேள்விப்பட்டதில் மிகை எதுவும் இல்லை. 2020 முதல் 2022 வரையான மூன்று ஆண்டுகள்தான் இந்த மாநிலத்தின் பதிவுகளிலேயே மிக வறண்டவை. அதன் பின், டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள், பசிபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் "வளிமண்டல ஆறுகள்" ஒன்பது ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. மார்ச்சிலும் ஓயவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மலைகளில் படிந்திருந்த பனியை அளந்தபோது, மாநிலம் முழுவதற்குமாகச் சராசரி அளவில் 237 விழுக்காடு இருந்தது. அணைகளிலிருந்து கால்வாய் வழியே நகரங்களுக்கும் வயல்களுக்கும் நீர் அனுப்பும் மாநில நீர்த்திட்டம், டிசம்பரில் கேட்ட அளவில் 5 விழுக்காடுதான் தர முடியும் என்று அறிவித்திருந்தது. ஏப்ரலில் முழு 100 விழுக்காட்டையும் தருவதாகச் சொல்லிவிட்டது. 2006க்குப் பின் இப்போதுதான் அப்படி நடக்கிறது.

எங்களுக்குத் தெற்கே துலாரே ஏரி திரும்பி வந்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த நன்னீர் ஏரிகளில் ஒரு காலத்தில் இதுவே மிகப் பெரியது. அதன் கரைகளில் யோகட் பழங்குடியினர் வாழ்ந்தார்கள். கிங்ஸ், கவீயா, டூலே, கெர்ன் ஆகிய ஆறுகளைத் திருப்பிவிட்டு, ஏரியை வற்றச்செய்து, அதன் படுகையைப் பருத்தியும் தக்காளியும் விளையும் நிலமாக மாற்றிவிட்டார்கள். இப்போது அந்த வயல்களின் மேல் அலை அடிக்கிறது, மின்கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. மலைப் பனியோ இன்னும் உருகி முடியவில்லை.

இதையெல்லாம் பார்க்கும் எவருக்கும் வறட்சி என்ற சொல்லே மறந்துபோகும். வறண்ட இடங்களுக்கு நிறமிட்டுக் காட்டும் வறட்சி வரைபடத்தில் மாநிலத்தின் பெரும்பகுதி நிறம் நீங்கி வெளுத்துவிட்டதும் உண்மை. ஆனால் இங்குள்ள ஏரியும் அணையும் நிரம்புவதற்கு ஒரு பருவம் போதும். நிலத்தடி நீர் அத்தனை விரைவில் மீள்வதில்லை. உங்கள் கொங்குப் பகுதியில் பாறைக்குள் ஆயிரம் அடி துளைத்தாலும் மேலே நிலம் நின்ற இடத்திலேயே நிற்கும். நாங்கள் வாழும் இந்தப் பள்ளத்தாக்கோ மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. ஆழத்து நீரை அளவுக்கு மீறி இறைத்தால் களிமண் அடுக்குகள் நசுங்கி நிலமே கீழிறங்கிவிடும். அப்படி நசுங்கிய அடுக்கு, பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய அளவு நீரைக் கொள்ளாது. நாம் படித்த நாளில் மண்ணியல் வகுப்பில் காட்டிய அந்தப் படம் நினைவிருக்கிறதா? மென்டோட்டா அருகே, ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் ஒரு மின்கம்பத்தின் அடியில் நிற்பார். அவர் தலைக்கு மிக உயரத்தில் 1925 என்று எழுதிய பலகை இருக்கும். அந்த ஆண்டில் நிலம் அந்த மட்டத்தில் இருந்தது. 1977க்குள் ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கிவிட்டது.

சண்முகம், இதில் என்னை மிகவும் கலங்க வைப்பது, வறட்சிக் காலத்தில் இறைத்த இறைப்பே இப்போது வெள்ளத்தையும் கடுமையாக்கியிருப்பதுதான். துலாரே ஏரிப் படுகையை ஒட்டிய கார்க்கரன் நகரம் பல ஆண்டுகளாகத் தாழ்ந்துகொண்டே போனதால், அதைச் சுற்றியுள்ள வெள்ளத் தடுப்புக் கரையைச் சில ஆண்டுகளுக்கு முன் உயர்த்தினார்கள். ஏரி நெருங்கியதும் இந்த வசந்தத்தில் மறுபடியும் உயர்த்த வேண்டியதாயிற்று. ஃபிரையன்ட்-கெர்ன் கால்வாய் ஓரிடத்தில் நிலத்தோடு சேர்ந்து தொய்ந்துபோய், அங்கே தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்திருக்கிறது. உபரி நீரைத் தெற்கே கொண்டுபோய் நிலத்துக்குள் இறக்க வேண்டிய நேரத்தில், கொண்டுபோகும் வழியே குறுகிவிட்டது.

அலன்ஸ்வொர்த் என்ற சிற்றூரை நீ அறிந்திருக்க மாட்டாய். கறுப்பின மக்கள் தமக்கென்று 1908ஆம் ஆண்டில் நிறுவிய ஊர் அது. மார்ச்சில் வெள்ளம் சூழ்ந்தபோது ஊர்மக்களே மண்ணள்ளிப் போட்டுத் தண்ணீரைத் தடுக்கப் போராடினார்கள். அதே ஊரின் கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் கலந்திருப்பதால், குடிநீரைப் போத்தலில் வாங்கிக் குடிப்பவர்கள் அங்கே பலர். அளவு மீறி இறைக்கும்போது களிமண்ணிலிருந்து ஆர்சனிக் நீரில் கசிகிறது என்று இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நீர்மட்டம் தாழ்ந்தால் பாதாம் தோப்புக்காரர் இன்னும் ஆழமாகத் துளைத்துக்கொள்வார். பக்கத்துக் குடிசைக்காரரின் ஆழமற்ற கிணறுதான் முதலில் வற்றும். 2014இல் கிழக்குப் போர்ட்டர்வில்லில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நேர்ந்தது இதுதான்.

அந்த 2014இல்தான் நிலத்தடி நீரைக் காக்க மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மிக மோசமாக இறைக்கப்பட்ட நிலத்தடி நீர்ப் படுகைகள் 2040க்குள் நீர் வரவும் செலவும் சமமாகும் நிலையை எட்ட வேண்டும் என்பது அதன் கட்டளை. ஊரெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருந்த இந்த மார்ச்சில்தான், துலாரே ஏரிப் படுகை உட்பட 6 படுகைகள் அதற்காக வகுத்த திட்டங்கள் போதாதவை என்று நீர்வளத் துறை தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்திக்கு யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. சட்டத்தைத் தளர்த்தும்படி கேட்பவர்களுக்கு நல்ல மழை எப்போதும் துணைக்கு வருகிறது. இந்த ஆண்டில் அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த வறட்சியை நாமே கூப்பிடுகிறோம் என்றே நான் நம்புகிறேன்.

செய்யக்கூடியது இல்லாமலில்லை. இந்த மாவட்டத்திலேயே டெர்ரநோவா பண்ணையில் 2011இல் கிங்ஸ் ஆற்று வெள்ளத்தைத் திராட்சைத் தோட்டத்துக்குள் வேண்டுமென்றே தேக்கினார்கள். கொடிகள் அழுகிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். கொடிகள் பிழைத்தன, தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கியது. இந்த மார்ச்சில் ஆளுநர் நியூசம், வெள்ள நீரை இப்படி நிலத்துக்குள் விடுவதற்கான அனுமதி விதிகளைத் தளர்த்தி ஆணையிட்டிருக்கிறார். நல்ல ஆணைதான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு வாய்க்கால் வெட்ட முடியாது. மதகும் தேக்கக் குட்டையும் வறண்ட ஆண்டிலேயே கட்டி முடித்திருக்க வேண்டும்.

கொலராடோ ஆற்றைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கும் இதே கதைதான். மலையில் பனி மிகுந்திருந்தும், மீட், பவல் நீர்த்தேக்கங்கள் இருபது ஆண்டு வறட்சியிலிருந்து மீள ஒரு குளிர்காலம் போதாது. அதனால்தான் கீழ்ப்படுகையின் மூன்று மாநிலங்கள், 2026க்குள் 30 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி) நீரை மிச்சப்படுத்துவதாக இந்த வாரம் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

உங்கள் ஊரில் தடுப்பணை கட்டிய பிறகு சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் எத்தனை நாளில் ஏறியது என்று குறித்து வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். பாறை நிலத்துக்கும் இந்த வண்டல் நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்க்க அது எனக்கு உதவும். அடுத்த கடிதத்தோடு அதையும் அனுப்பு. பனி முழுவதும் உருகி முடிந்ததும் துலாரே நிலவரத்தை நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
இராமநாதன்