ஜெஜூ தீவைச் சுற்றாதீர்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரல் முதல் தேதி தென்கொரியாவின் ஜெஜூ தீவில் இறங்கி ஐந்தாம் தேதி திரும்புவதற்காக நீங்கள் தயாரித்து அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். நான்கு பகலுக்குள் இருபத்திரண்டு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு, கரையை ஒட்டித் தீவுக்கு ஒரு முழு வலம். கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போலத் திட்டமிட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், காரை நாமே ஓட்டுவதா, பெரியம்மாவை வைத்துக்கொண்டு வீண் வம்பு எதற்கு என்று சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வேறு இருவரும் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். காரை எடுங்கள். சுற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜெஜூ ஏறத்தாழ முட்டை வடிவத் தீவு. கிழக்கு மேற்காக 73 கி.மீ., வடக்கு தெற்காக 31 கி.மீ., நட்டநடுவில் 1,947 மீட்டர் உயரத்துக்கு ஹல்லாசான் எரிமலை. கரையோரமாகத் தீவைச் சுற்றிவரும் 1132 எண் சாலையின் நீளம் ஏறக்குறைய 180 கி.மீ.; ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அந்தச் சாலை பல இடங்களில் கடலைக் காட்டாது, ஊர்களுக்கு நடுவே சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் என்பது முதல் நாள் மதியமே தெரிந்துவிட்டது. கடல் வேண்டுமென்றால் அதிலிருந்து பிரியும் சின்னக் கரைச்சாலைகளில், உதாரணமாகக் கிழக்கே கிம்நியொங்கிலிருந்து செஹ்வா வரை, ஒரு மாலை நேரத்தில் மெதுவாகப் போனால் போதும். பேருந்தும் உங்களைக் கரையில்தான் இறக்கிவிடும். கார் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைப்பது நடுப்பகுதி. கடலுக்கும் மலைக்கும் இடையில் மேய்ச்சல் நிலமும் காடுமாகக் கிடக்கும் அந்தப் பட்டைக்காகத்தான் வாடகைக் காரே தேவைப்படுகிறது.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால், நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஓராண்டுக்குத் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். ஆனால் அதோடு நம் ஊர் உரிமத்தின் அசல் அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை ஏற்க மாட்டார்கள். காரை விமான நிலைய வாசலில் தரமாட்டார்கள். வாடகை நிறுவனத்தின் சிற்றுந்தில் ஏறிச் சற்றுத் தள்ளியிருக்கும் அவர்களுடைய முற்றத்துக்குப் போக வேண்டும். உங்களிடம் இருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. அங்கே கிடைப்பதோ அதன் தாய்வீட்டுக் கார், எல்லாம் தெரிந்த முகமாகவே இருக்கும், ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். இண்டிகேட்டர் போட நினைத்துக் கையை நீட்டுவீர்கள், வைப்பர் ஓடும். முதல் நாள் முழுவதும் வெயிலில் வைப்பர் ஓட்டிக்கொண்டு போனோம்.

வலப்பக்கம் ஓட்டுவதில் ஆபத்து நெரிசலில் இல்லை, அண்ணா. முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால் அதன் பின்னாலேயே போய்விடலாம். எங்களுக்குத் தவறு நேர்ந்தது இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு, ஒரு வண்டிகூட இல்லாத கிராமச் சாலையில். தங்கியிருந்த வீட்டிலிருந்து காரை வெளியே எடுத்த எங்களவர், பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஏறிவிட்டார்; அரை கி.மீ. போன பிறகு எதிரே ஆரஞ்சுப் பெட்டிகள் ஏற்றிய சின்ன லாரி ஒன்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி நின்றது. லாரியை ஓட்டி வந்தவர் திட்டவில்லை. எங்கள் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார். வாடகைக் கார்களின் எண்ணில் ஹா, ஹொ, ஹோ ஆகிய மூன்று கொரிய எழுத்துகளில் ஒன்று கட்டாயம் இருக்கும், அதனால் இது வெளியூர்க் கை என்பது எதிரே வருபவருக்கு உடனே தெரிந்துவிடும். பெட்ரோல் பங்கிலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் சாலைக்கு ஏறும்போதெல்லாம் அண்ணியை "வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கு அதுதான் உதவியது.

விதிகளில் நம்மவர் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். எதிரே சிவப்பு விளக்கு எரியும்போது வலப்புறம் திரும்பலாம், ஆனால் 2023 ஜனவரியிலிருந்து ஒரு முறை முழுவதுமாக நின்ற பிறகே திரும்ப வேண்டும். இடப்புறம் திரும்புவதற்குப் பச்சை அம்புக்குறி வரும்வரை காத்திருக்க வேண்டும். வெறும் பச்சையில் திரும்ப, அதற்கு அனுமதி தரும் பலகை தனியாக இருந்தால்தான் முடியும். ஊருக்குள் பொதுவாக 50 கி.மீ. வேகம், பள்ளிக்கூடங்களின் அருகே 30. வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் நிறைய. காரின் வழிகாட்டிக் கருவி முன்கூட்டியே மணியடித்துச் சொல்லிவிடும். சுங்கச்சாவடி தீவில் கிடையாது.

வழிகாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது கூகுள் வரைபடம் அங்கே கார் ஓட்ட வழி சொல்லவில்லை. கொரிய அரசு தன் விரிவான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நெடுங்காலமாகத் தடை வைத்திருந்ததே காரணம். நேவர் என்னும் கொரிய வரைபடச் செயலியை இங்கேயே இறக்கிப் பழகிக்கொண்டு போங்கள். காரில் இருக்கும் கருவிக்குக் கொரிய எழுத்தில் பெயர் தட்ட வேண்டியதில்லை, போகும் இடத்தின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் போதும். உங்கள் அட்டவணையில் நிமிடங்கள் எழுதியிருக்கும் பத்தியை அழித்துவிட்டு அங்கே தொலைபேசி எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் இருப்பதிலேயே உயர்ந்ததாக எடுங்கள். நாங்கள் "முழு" என்று எழுதியிருந்ததை நம்பினோம். ஒரு குறுகலான சந்தில் கருங்கல் சுவரில் உரசியபோது, காரின் உடல் பகுதிக்குத்தான் காப்பீடு, சக்கரமும் டயரும் அதில் சேராது என்று திருப்பித் தரும் இடத்தில் தாளைக் காட்டினார்கள். தாளில் அப்படித்தான் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

அந்தச் சுவர்களைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. எரிமலை கக்கிய கருங்கல்லைப் பொறுக்கி, சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கற்களுக்கு இடையில் ஓட்டை விட்டிருப்பார்கள். முதலில் வேலை தெரியாதவன் கட்டியது போலத் தோன்றும். அந்த ஓட்டைகள் வழியாகக் காற்று பாதி பலத்தை இழந்து உள்ளே போவதால்தான் சுவரும் நிற்கிறது, உள்ளே இருக்கும் கேரட்டும் பூண்டும் நிற்கின்றன. இவற்றின் மொத்த நீளம் சுமார் 22,000 கி.மீ. இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வயலின் நடுவே வட்டமாகவோ சதுரமாகவோ தனியாக ஒரு சுவர் தெரிந்தால் அது கல்லறை. மாடு மேயாமலும், புல்வெளிக்கு வைக்கும் தீ பரவாமலும் முன்னோரைக் காப்பதற்குக் கட்டியது. பெரியம்மாவுக்கு இதைக் காட்டுங்கள்.

இனி உள்ளே போகும் சாலைகள். கிழக்குப் பக்கம் 1112 எண் சாலையை வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு பகுதியில் இருபுறமும் செங்குத்தாகச் செடார் என்னும் ஊசியிலை மரங்கள் நின்று நடுப்பகலையே மாலையாக்கிவிடும். அதே பக்கத்தில் பிஜாரிம் காடு இருக்கிறது, ஐந்நூறு முதல் எண்ணூறு வயது வரையுள்ள ஊசியிலை மரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் ஒரே இடத்தில் நிற்கின்றன. பாதை பெரும்பாலும் சமதளம், பெரியம்மாவின் முழங்கால் தாங்கும். காசிரி ஊர் வழியாகப் போகும் நோக்சான்ரோ சாலையில் நீங்கள் போகும் வாரத்தில் மேலே செர்ரிப் பூவும் கீழே யூச்சே என்னும் கடுகு இனத்து மஞ்சள் பூவும் ஒன்றாகப் பூத்திருக்க வாய்ப்பு உண்டு. சாலை நடுவில் நின்று படம் எடுப்பவர்களை இடிக்காமல் ஓட்டுவதுதான் அங்கே கடினம். மலையின் மேற்குத் தோளில் ஏறும் 1139-இல், 1,100 மீட்டர் உயரத்தில் ஓர் ஓய்விடமும், ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் உள்ள சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகை நடைபாதையும் இருக்கின்றன. கீழே சட்டையோடு கிளம்பியவர்கள் அங்கே ஸ்வெட்டர் தேடுவார்கள். ஹல்லாசான் உச்சியை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். சொங்பானாக் மலைப்பாதை வழியாக ஒரு பக்கம் மட்டும் 9.6 கி.மீ., முன்பதிவும் வேண்டும்.

ஏற வேண்டும் என்று ஆசையிருந்தால் ஓருமில் ஏறுங்கள். எரிமலையின் இந்தச் சின்னக் குன்றுகளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள், தீவு முழுவதும் முந்நூற்று அறுபதுக்கு மேல் இருக்கின்றன. உங்களுக்கு நான் சொல்வது கிழக்கே உள்ள தாரங்ஷி. 382 மீட்டர் உயரம், மேலே ஏறினால் கிண்ணம் போல் ஆழமான குழி, அதன் விளிம்பில் ஒரு சுற்று நடக்கலாம், தூரத்தில் சொங்சான் இல்சுல்போங் என்னும் கரையோரக் குன்று கடலில் மிதப்பது தெரியும். கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஊர் இருக்கிறது. ஒரு பழைய மரமும், அங்கங்கே மூங்கில் புதர்களும்தான் மிச்சம். மூங்கில் இருக்கும் இடமெல்லாம் ஒரு வீட்டின் கொல்லையாக இருந்திருக்கும்.

1948 ஏப்ரல் 3 அன்று, கொரியாவை நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்று அஞ்சப்பட்ட, தெற்கில் மட்டும் நடத்தவிருந்த தனித் தேர்தலை எதிர்த்து ஜெஜூவில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கும் பெயரில் 1954 வரை நடந்த கொலைகளில் இருபத்தைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்பது அரசின் சொந்த விசாரணை அறிக்கையின் மதிப்பீடு. அன்றைய மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். 1948 அக்டோபரில், கடற்கரையிலிருந்து 5 கி.மீ.-க்கு மேல் உள்ளே நடமாடுபவர் எவரும் கலகக்காரராகக் கருதிச் சுடப்படுவர் என்று இராணுவம் அறிவித்தது. நான் உங்களைப் போகச் சொல்லும் பட்டை முழுவதும் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது. அங்கிருந்த ஊர்களைக் கொளுத்தினார்கள், ஓடியவர்கள் எரிமலைக் குகைகளில் ஒளிந்தார்கள். தாரங்ஷிக்கு அருகே ஒரு குகையில் 1992-இல் பதினொரு பேரின் எலும்புகள் கிடைத்தன. வாசலில் தீ மூட்டிப் புகையால் மூச்சுத் திணறடிக்கப்பட்டவர்கள், அதில் ஒன்பது வயதுக் குழந்தையும் இருந்தது.

பல பத்தாண்டுகள் இதை வாய்திறந்து சொல்லவே முடியாமல் இருந்தவர்கள் அந்தத் தீவு மக்கள். 2003-இல்தான் அதிபர் ரோ மூ-ஹ்யுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இறந்தவர்களின் நினைவாக மலையடிவாரத்தில் இருக்கும் அமைதிப் பூங்காவின் அருங்காட்சியகத்துக்குள், வட்டமான ஒரு கூடத்தில், எழுத்தே இல்லாத வெள்ளைக் கல் ஒன்றைப் படுக்க வைத்திருக்கிறார்கள். நடந்ததற்குச் சரியான பெயர் சூட்டப்படும் நாளில் அதில் பெயரைப் பொறித்து நிமிர்த்துவதாக எண்ணம். அங்கிருந்து தெற்கே திரும்ப 1131 எண் சாலையைப் பிடித்தீர்களானால், இருபுற மரங்களும் மேலே கைகோத்துச் சுரங்கம் போல் பச்சையாகக் கவிந்திருக்கும். அழகில் அதற்கு ஈடு அந்தத் தீவில் இல்லை. அதன் புழக்கப் பெயர் 5.16 சாலை. பார்க் சுங்-ஹீ ஆட்சியைப் பிடித்த 1961 மே 16 இராணுவப் புரட்சியின் தேதி அது. கல்லுக்கு இன்னும் பெயர் இல்லை, சாலைக்கு இருக்கிறது.

பெரியம்மாவின் சாப்பாடு பற்றி அண்ணி தனியாகக் கேட்டிருந்தார். ஜெஜூவின் பெருமையெல்லாம் கரும்பன்றியும் வாளை மீனும். காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் நெத்திலிக் கருவாட்டுச் சாறு இருக்கும். அதனால் அடுப்படி உள்ள தங்கும் வீடாக எடுங்கள், கிழக்கில் இரண்டு இரவு, தென்மேற்கில் இரண்டு இரவு. பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும். சோறு வெந்த பொட்டலமாகவே கடைகளில் கிடைக்கும், சூடு காட்டினால் போதும். ஆரஞ்சு வகையில் ஹல்லாபொங் என்று தலையில் முடிச்சோடு ஒன்று விற்கும், அதை விடாதீர்கள். எரிபொருள் போடும்போது ஹ்விபாரியூ என்றால் பெட்ரோல், கியொங்யூ என்றால் டீசல். தானே ஊற்றிக்கொள்ளும் பங்குகளில் இதை மாற்றிப் பிடித்தால் எந்தக் காப்பீடும் வராது.

கரையில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொங்சானில் ஒரு விடியல். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலுக்குள் வெடித்து எழுந்த அந்தக் குன்றில் நீங்கள் ஏறும்போது பெரியம்மா கீழேயே உட்கார்ந்து பார்க்கலாம். இன்னொன்று, ஏதாவது ஒரு சின்னத் துறைமுகத்தில் ஹென்யோக்களின் மூச்சுச் சத்தம். காற்றுக் குழாய் எதுவும் இல்லாமல் மூழ்கிச் சங்கும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள், மேலே வந்ததும் சீழ்க்கை போல ஒரு நீண்ட மூச்சை விடுவார்கள். பெரும்பாலானவர்கள் பெரியம்மாவின் வயதுக்காரர்கள், மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு.

நீங்கள் அங்கிருக்கும் நாட்களில் ஏப்ரல் 3 வருகிறது. அன்று காலை பத்து மணிக்குத் தீவு முழுவதும் ஒரு நிமிடம் சைரன் ஒலிக்கும். ஓட்டிக்கொண்டிருந்தால் பதறாமல் வலப்பக்க ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியம்மாவிடம் மட்டும் முந்தின இரவே சொல்லி வைத்துவிடுங்கள், பயந்துபோவார்.

அன்புடன்,
உங்கள் தங்கை