நாரைகள் விருந்தாளிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரின் முன்பக்கத்தில் கொழும்பை அடுத்த பெல்லன்வில சதுப்பு நிலத்துப் பறவைகளின் வண்ணப்படம் ஒன்றைப் பெரிதாக வெளியிட்டு, அதன் கீழ் "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிக் கொக்குகள்" என்று அச்சிட்டிருந்தீர்கள். படத்தில் நின்றவை கொக்குகளும் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவையும் அல்ல. அவை நத்தைகுத்தி நாரைகள். மூடிய அலகின் நடுவே வெளிச்சம் தெரியும் அந்த இடைவெளி தங்கள் படத்திலேயே தெளிவாக இருந்தது. பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும், நாரை நீட்டிக்கொள்ளும் என்பது தாங்கள் அறியாததல்ல.

இருபத்தாறு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்தவள் நான். மாணவர்களை அத்திடிய வயலோரம் அழைத்துச் சென்ற நாட்களில், ஒரு நத்தைகுத்தி முழங்காலளவு நீரில் தலையைத் தாழ்த்தி, நத்தையை அலகு நுனியால் அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை உள்ளே செலுத்திச் சதையை மட்டும் இழுத்தெடுப்பதை நாங்கள் மூச்சடக்கிப் பார்த்திருக்கிறோம். அது விட்டுச்சென்ற நத்தையோட்டை ஒரு மாணவி சேற்றிலிருந்து பொறுக்கித் தந்தாள். விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லாத அந்த ஓடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அந்த அலகில் இடைவெளி இருப்பதில்லை. வளர வளரவே உண்டாகிறது. இவ்வளவு நுட்பமாக இந்த மண்ணின் நத்தையோடு இணைந்து வாழும் பறவையை, ஆண்டு முழுவதும் நம்மோடிருந்து நம் மரங்களிலேயே குஞ்சு பொரிக்கும் பறவையை, எப்படி விருந்தாளி என்று எழுத மனம் வந்தது?

இது முதல்முறையும் அல்ல. தங்கள் சிறுவர் பகுதியில் நாரை என்றாலே ஐரோப்பாவில் புகைபோக்கிமேல் கூடு கட்டும் வெண்ணாரையின் படம்தான் வருகிறது. நீண்ட அலகைப் பாதி திறந்து நீருக்குள் துழாவி, மீன் பட்ட கணமே மூடிக்கொள்ளும் நம் மஞ்சள் மூக்கு நாரையைப் பிள்ளைகள் ஒருமுறையாவது அங்கே பார்த்ததுண்டா? இதைக் குறித்து முன்னரும் இருமுறை எழுதினேன். பதிலும் வரவில்லை, கடிதமும் வெளியாகவில்லை.

ஒரு சொல்லுக்கு இத்தனை வருத்தமா என்று தாங்கள் நினைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், எங்கள் ஒழுங்கைக்கு அருகே கூடுகள் நிறைந்திருந்த மரமொன்றை, எச்சம் வாகனங்களில் விழுகிறது என்பதற்காக ஒரே காலையில் கிளை கிளையாகத் தறித்தார்கள். இறகு முளைக்காத குஞ்சுகள் தார் வீதியில் விழுந்து கிடந்தன. வளர்ந்த நாரைக்கு ஏறத்தாழக் குரலே இல்லை. உச்சிவெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்த அந்தப் பறவைகள் எதிர்க்கூரையில் மாலைவரை சத்தமின்றி நின்றதை நான் கண்டேன். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியபோது எனக்குக் கிடைத்த பதில், "எங்கிருந்தோ வந்த பறவைகள்தானே, போய்விடும்" என்பதுதான். அந்தப் பதிலையே இப்போது தங்கள் முன்பக்கத்தில் வாசித்தேன்.

பெல்லன்வில-அத்திடிய 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமாகிய ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டபோது தாங்கள் பெருமிதத்தோடு எழுதிய தலையங்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த ஈரநிலத்தின் நிரந்தரக் குடிகள் யார் என்பதும் அந்தப் பெருமையில் அடங்கும் அல்லவா?

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அப்பறவையின் சரியான பெயரோடும் அது இலங்கையிலேயே வாழ்வது என்ற ஒரு வரியோடும் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தெகிவளை.