பேசுகிறவரின் ஒலியைச் சோதிப்பது யார் வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையவழி இலக்கியக் கூட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2020 ஊரடங்கில் பரவிய இந்தப் பழக்கம் இன்றும் தொடர்வது, எங்களைப் போன்ற சிற்றூர் வாசகர்களுக்குப் பெரிய வரம். சென்னையில் மாலை ஆறரை என்றால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது, கோடையில் டொரன்டோவில் காலை ஒன்பது. மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாவலைப் பேசுகிறார்கள். ஆனால் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பேச்சாளரின் மைக்கையும் ஸ்பீக்கரையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியது கூட்டம் நடத்துபவர். அதைப் பேச்சாளர் தலையில் கட்டக் கூடாது.

பேச வருபவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். கைபேசியில் ஜூம் என்ற கூட்டச் செயலிக்குள் நுழைந்ததும் ‘வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா’ என்று திரையில் வரும். அதைத் தொட்டால்தான் ஒலி இணையும். தொடாவிட்டால் முகம் தெரியும். அவர் பேசுவது நமக்குக் கேட்காது, நாம் சொல்வது அவருக்கும் கேட்காது. ‘ஐயா, அன்மியூட் பண்ணுங்க’ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒலியே இணையாதபோது அவர் திரையில் அன்மியூட் பொத்தான் எங்கே இருக்கும்? இலவசக் கணக்கில் நடக்கும் கூட்டத்துக்கு 40 நிமிடம்தான் கெடு. அதில் கால்வாசி இப்படிக் கரைந்து, வாழ்நாளெல்லாம் ஒரு துறையில் உழைத்தவர் பேச்சைப் பாதியில் முடிப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

கணினியில் வருபவர்களுக்கு வேறு சிக்கல். மடிக்கணினியில் ஒரு மைக், வெப்கேமராவில் ஒன்று, ஹெட்செட்டில் ஒன்று. ஜூம் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பேசுபவருக்குத் தெரியாது. ஹெட்செட் வாயருகே இருக்க, குரல் தள்ளியிருக்கும் மடிக்கணினி வழியாக, மின்விசிறிச் சத்தத்தோடு போய்க்கொண்டிருக்கும். புளூடூத்தில் இன்னொன்று. பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும் கருவி, மைக்கும் வேலை செய்யத் தொடங்கியதும் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். ஒலியின் தரம் இறங்கிவிடும். பேச்சுக்குக் கம்பியுள்ள சாதாரண ஹெட்செட்டே நல்லது என்பது என் எண்ணம்.

பாட்டுக்காரர்களை அழைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜூம் பின்னணி இரைச்சலை வடிகட்டுகிறது. மனிதக் குரலைத்தான் அது காப்பாற்றப் பார்க்கும். மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதிப்பெட்டியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். உடுக்கையும் பறையும் விட்டுவிட்டுக் கேட்கும். செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்கிவைத்தால் இந்தத் தொல்லை குறையும். ஒப்பாரியும் தெம்மாங்கும் பாட வந்த பெரியம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அழைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்தக் கூட்டங்கள் பதிவாகி யூடியூபுக்குப் போகின்றன. அந்தப் பாட்டுக்கு வேறு பதிவே இல்லாமல் போகலாம். படம் மங்கலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பாட்டு முழுதாகக் கேட்க வேண்டும்.

சோதிக்க வழிகள் உண்டு. ஜூம் செட்டிங்ஸில் ஸ்பீக்கரைச் சோதித்தால் ஒரு மணியோசை கேட்கும்; மைக்கைச் சோதித்தால் நாம் பேசியதை நமக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். ஜூம் போலவே கூட்டம் நடத்த உதவும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் ‘டெஸ்ட் கால்’ என்ற சோதனை அழைப்பு இருக்கிறது. தனியாகப் பார்ப்பவர்களுக்கு இது போதும். பெரியவர்கள் விஷயத்தில், முந்தின நாளே கூட்டம் நடத்துபவர் அவரை அழைத்து, மறுநாள் எந்த அறையில் எந்தக் கருவியோடு உட்காரப்போகிறாரோ அதே ஏற்பாட்டில் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எதிரொலியும் தெரிந்துவிடும், பக்கத்து அறைத் தொலைக்காட்சியும் தெரிந்துவிடும். அப்புறம், கைபேசியில் பேசுபவராக இருந்தால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். நடுவில் அழைப்பு வந்தால் பேச்சு அறுபடும். பேரனும் அதே அறையில் இன்னொரு கருவியில் கூட்டத்துக்குள் இருந்தால், அதன் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊளைச் சத்தம்தான்.

தங்கள் இதழின் நிகழ்ச்சி அறிவிப்புப் பகுதியில் இணையக் கூட்டங்களும் இடம்பெறுகின்றன. அறிவிப்பு அனுப்புகிறவர்களிடம், பேச்சாளர்களுக்கான ஒலிச் சோதனை எப்போது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வாங்கினால் நன்றாக இருக்கும். கூட்டம் கால்மணி நேரம் முன்பே திறக்கப்படும் என்ற விவரத்தையும் நேரத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டால், கேட்க வருபவர்களும் தங்கள் கருவியைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
தென்காசி