விடுமுறைப் பட்டியல் போடுகிறவர்களுக்கு

அலுவலகங்களில் விடுமுறைப் பட்டியலும் பண்டிகை வாழ்த்தும் தயாரிக்கிற மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், புனித வெள்ளிக்கு முந்தைய நாள் மாலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. சுற்றிலும் பலூன்கள், நடுவில் ‘இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்!’ பக்கத்து இருக்கைக்காரர் தவக்காலம் முழுக்க ஒரு வேளை சாப்பாட்டை விட்டிருந்தவர். திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார். இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் நாள் அது. சாவு வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அனுப்பியவர் நல்ல மனசோடுதான் அனுப்பினார், சந்தேகமில்லை. ஆனால் நாள்காட்டியில் சிவப்பாக இருப்பதெல்லாம் கொண்டாட்டம் என்று நினைத்துவிட்டார். மொஹரம் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இஸ்லாமிய ஆண்டுப் பிறப்பு. பத்தாம் நாளான ஆஷூரா, 680-ல் இன்றைய ஈராக்கிலுள்ள கர்பலாவில் முகம்மது நபியின் பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதற்காக ஷியா பிரிவு முஸ்லிம்கள் அழுகிற நாள். அதே நாளில் இன்னொரு பிரிவான சுன்னிகள் பலர் மூஸா நபியை (மோசேயை) நினைத்து நோன்பு வைக்கிறார்கள். ஒரே வாழ்த்து அட்டையில் இதையெல்லாம் அடக்க முடியாது. யூதர்களின் யோம் கிப்பூரும் அப்படித்தான்: சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாவமன்னிப்புக் கேட்கும் நாள். தெரியாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கவும் நேரமில்லையென்றால் பலூனையாவது எடுத்துவிடுங்கள்.

வாழ்த்தைவிடப் பெரிய தொல்லை விடுப்பு விண்ணப்பம். பதினைந்து நாள் முன்னதாகத் தேதி குறிப்பிட்டால்தான் அந்தக் கணினிப் படிவம் ஏற்றுக்கொள்ளும். நோன்புப் பெருநாளோ பிறை பார்த்து முடிவாவது. 2024-ல் சில நாடுகளில் ஏப்ரல் 10, சில நாடுகளில் 11. எங்கள் குழுவில் இருந்த பெண் முந்தைய இரவு வரை கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தார். பிறைச் செய்தி ஒரு பக்கம், மேலாளரின் பதில் இன்னொரு பக்கம். ‘பிறையைப் பொறுத்து இந்த இரண்டு நாளில் ஒன்று’ என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும்.

ஈஸ்டருக்கும் நிலாக் கணக்கு உண்டு. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு அது. பழைய ஜூலியன் நாள்காட்டியின்படி கணக்கிடும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்குப் பெரும்பாலும் வேறு தேதி வரும்: 2024-ல் மற்றவர்களுக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. மறு ஆண்டே இருவருக்கும் ஏப்ரல் 20. ‘கிறிஸ்தவர்களுக்கு ஒரு நாள்’ என்று ஒதுக்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. யூதர்களுக்கு நாள் பிறப்பதே முந்தைய நாள் சூரியன் மறையும்போது. பட்டியலில் போட்ட தேதிக்கு முந்தைய மாலையே அவர்கள் கிளம்பியாக வேண்டும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் எல்லாப் பண்டிகைக்கும் ‘உங்களுக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்று பணியில் போடப்படுகிறவன் நான். அதையும் கொஞ்சம் கவனியுங்கள். 1948-ன் ஐ.நா. மனித உரிமைகள் பிரகடனம், 18-ஆம் பிரிவில் மத சுதந்திரத்தோடு மனசாட்சிச் சுதந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. நம்பாதவனுக்கும் வீடு வாசல் உண்டு.

நான் கேட்பது கூடுதல் விடுமுறை இல்லை. இருக்கிற நாட்களில் சிலவற்றை அவரவர் தேர்ந்தெடுக்க விடுங்கள். காரணத்தை விளக்கச் சொல்லாதீர்கள். நோன்பு மாதத்தில் முக்கியமான கூட்டங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால், 2030-ல் ரமலான் நோன்பு மாதம் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் தொடங்கும். அந்த ஆண்டுப் பட்டியலைப் போடப்போகிறவர் இப்போது உங்கள் துறையில் பயிற்சியில் இருக்கலாம். அவரிடம் மறக்காமல் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
பண்டிகை நாட்களில் அலுவலகத்தைத் திறக்கிற ஒருவன்