நேச்சர் வொர்க்‌ஷாப்புல மைக் யார் கையில, லென்ஸ் யார் கையில?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துவக்கப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு இயற்கையைப் பத்தி வொர்க்‌ஷாப் நடத்துறதப் பத்தி உங்க இதழ்ல வந்த கட்டுரையப் படிச்சேன். நல்ல விஷயம், இதெல்லாம் வரணும், ஆனா கூடவே போட்டிருந்த ஃபோட்டோவப் பாத்ததும்தான் எழுதியே ஆகணும்னு தோணுச்சு. ஒருத்தர் மைக் புடிச்சு நிக்கிறாரு, பின்னாடி பேனர்ல புலி, முன்னாடி வரிசையா உக்காந்திருக்குற பிள்ளைங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு இருக்காங்க. கையால செஞ்சு கத்துக்கிற வொர்க்‌ஷாப்னு தலைப்பு வேற.

நானும் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்குறவதான், அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன். இப்ப நடக்குறதுல பாதி, பெரியவங்க செஞ்சு காட்ட பிள்ளைங்க வேடிக்கை பாக்குற நிகழ்ச்சி. வந்தவரு பேசுவாரு, ஸ்லைடு போடுவாரு, தெர்மாகோல்ல மரம் செய்யச் சொல்லுவாரு (மரத்தப் பத்திப் படிக்க தெர்மாகோல் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல), கடைசியா ஒரு கன்னு நட்டு குரூப் ஃபோட்டோ, சர்டிஃபிகேட், முடிஞ்சுது. அடுத்த வாரம் அந்தக் கன்னுக்கு யார் தண்ணி ஊத்துனதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

பூச்சிக்கு ஆறு காலு, சிலந்திக்கு எட்டு காலுன்னு எல்லாப் பிள்ளையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அதே பிள்ளைங்கள்ட்ட ஒரு பட்டாம்பூச்சிப் புழுவ அது இருந்த இலையோட டப்பாவுல வச்சு, ரெண்டு பேருக்கு ஒரு லென்ஸ் குடுத்து, காலை எண்ணச் சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் 16ன்னு வரும். அப்ப புக்கு பொய்யா, புழு பூச்சி இல்லையா, இல்ல நாமதான் தப்பா எண்ணிட்டமான்னு வகுப்பே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போடும், அந்தச் சண்டைதான் சார் பாடம். "புக்குல ஆறு, ஆறுன்னு எழுது"ன்னு டீச்சர் சொல்லிட்டா அங்கயே எல்லாம் செத்துப்போச்சு. கொஞ்சம் பொறுத்தா பிள்ளைங்களே கண்டுபுடிச்சிடுவாங்க, முன்னாடி இருக்குற மூணு ஜோடி மட்டும் கூரா, மடிப்பு மடிப்பா வேற மாதிரி இருக்கு, பின்னாடி இருக்குற அஞ்சு ஜோடி குட்டையா சதையா இருக்கு, நுனியில சின்னச் சின்ன கொக்கி வச்சு இலையப் புடிச்சுக்குதுன்னு. பட்டாம்பூச்சியா வெளிய வரும்போது அந்தப் பின்னங்கால் எதுவும் இருக்காது, முன்னாடி இருந்த ஆறுதான் காலுன்னு நிக்கும். இத ஸ்லைடுல போட்டுச் சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், ஆனா எந்தப் பிள்ளைக்கும் நிக்காது.

புழு வளக்குறதுல இன்னொண்ணும் இருக்கு. எந்தச் செடியிலேருந்து எடுத்தமோ அந்தச் செடி இலையத்தான் தினமும் புதுசாப் போடணும், பச்சையா இருக்கேன்னு வேற இலையப் போட்டா பல புழு தொடக்கூடத் தொடாது, பட்டினி கெடந்தே செத்துப்போகும். ஒரு செடி போனா அத நம்பி இருக்குற பூச்சியும் போகும்னு தனியா விளக்கவே வேணாம், இலை பறிக்கப்போற பிள்ளைக்கே தெரிஞ்சிடும். சில சமயம் கூட்டுப்புழுவுலேருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலா ஒரு சின்னக் குளவி வரும், தாய்க் குளவி புழு உடம்புலயே முட்டை வச்சுட்டுப் போக, இது உள்ளயே வளந்தது. பிள்ளைங்க ஆசையா காத்துட்டு இருந்திருப்பாங்க, அழுவாங்க. நிறைய டீச்சர் அந்த டப்பாவ ஒளிச்சு வச்சிடுறாங்க, ஒளிக்கக்கூடாதுங்குறது என் கட்சி.

இதுக்கெல்லாம் பெருசா செலவு இல்ல. கண்ணாடி டம்ளர் ஓரத்துல ஈரப் பஞ்சுக்கு நடுவுல ஒரு அவரைக்கொட்டைய வச்சு, வேர் வந்ததும் டம்ளரப் படுக்க வச்சிடுங்க, ரெண்டு நாள்ல வேர் தானா கீழ திரும்பும். திரும்பவும் மாத்திப் படுக்க வச்சா திரும்பவும் வளையும், இந்த விளையாட்ட பிள்ளைங்க விடவே மாட்டாங்க. எறும்பு வரிசையில நடுவுல விரலால அழுத்தித் தேச்சு விட்டா எறும்புங்க அந்த இடத்துல வந்து தடுமாறி நிக்கும், ஏன்னா அது வாசனையப் புடிச்சுத்தான் போயிட்டிருந்துச்சு. மண்புழுவுக்குக் காது கேக்குமான்னு ஒரு பிள்ளை கேட்டா சிரிக்காதீங்க, டார்வினே பக்கத்துல பியானோ, பஸ்ஸூன்ங்கிற ஊதுற வாத்தியம் எல்லாம் வாசிக்க வச்சுப் பாத்தவருதான். சத்தத்துக்குப் புழு அசையல, ஆனா புழு இருந்த தொட்டியத் தூக்கி பியானோ மேலயே வச்சு வாசிச்சப்ப அதிர்வு தட்டி உள்ள ஓடிடுச்சு. மண்புழுவத் தொடும்போது கைய நனைச்சுக்கணும்னு மட்டும் முதல்லயே சொல்லிடணும், அது தோலாலதான் மூச்சு விடுது, காஞ்ச கை ஆகாது. மயிர் இருக்குற கம்பளிப்பூச்சியத் தொடவே கூடாது, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவணும், எடுத்த உயிர எடுத்த இடத்துலயே விடணும், இதுலல்லாம் விட்டுக்குடுக்கக் கூடாது.

இதெல்லாம் புதுசும் இல்ல. ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840ல தன்னோட பள்ளிக்கு கிண்டர்கார்ட்டன்னு பேரு வச்சப்பவே பிள்ளைங்களுக்குத் தனித்தனி தோட்டப் பாத்தி வேணும்னு சொன்னவரு, தாகூர் 1901ல சாந்திநிகேதன்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு மரத்தடியில பாடம் நடத்துனாரு. நாம இப்ப ஏசி ஹால்ல ப்ரொஜெக்டர் போட்டு காட்டப் பத்திப் பேசுறோம்.

வொர்க்‌ஷாப் நடத்துறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நிஜமாவே பூச்சி, பறவைன்னு உயிர விடுற ஆளுங்க அதுல நிறைய பேரு. ஆனா நூறு பிள்ளைங்களுக்கு ஒருத்தர் ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போனா அவரால என்னதான் செய்ய முடியும்? பத்துப் பத்துப் பேராப் பிரிக்கணும், அதே இடத்துக்கு அதே பிள்ளைங்க வாராவாரம் போகணும், எல்லாத்துக்கும் மேல அன்னிக்கு வகுப்பு டீச்சரும் கீழ உக்காந்து மண்ணுல கை வைக்கணும். அவங்க பின்னாடி சேர்ல உக்காந்து நோட்டு திருத்திட்டு இருந்தா, வந்தவரு பள்ளிக்கூட கேட்டைத் தாண்டுன உடனே டப்பா குப்பைக்குப் போயிடும்.

அதனால ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவ இந்த மாதிரி நிகழ்ச்சியப் பத்திப் போடும்போது, நடந்து ஒரு மாசம் கழிச்சு அதே பள்ளிக்கூடத்துக்கு உங்க நிருபர அனுப்புங்க. டீச்சர்கிட்ட கேக்க வேணாம், பிள்ளைங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க, நட்ட கன்னு எங்க, புழு என்னாச்சு, இப்ப எதப் பாத்துட்டிருக்கீங்கன்னு. அந்தப் பதில அப்படியே போடுங்க, ஃபோட்டோ இல்லன்னாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு துவக்கப்பள்ளி டீச்சர்