ரத்தம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

தனியார் ரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பும் ரிப்போர்ட்டுகள் பல கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. அவற்றில் ஹெர்பீஸ் ஐஜிஎம் பரிசோதனையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஹெர்பீஸ் என்பது வாயிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் வரவைக்கும் வைரஸ். ஐஜிஎம் என்பது தொற்றுக்கு எதிராக உடல் ரத்தத்தில் உருவாக்கும் ஒருவகை எதிர்ப்பொருள்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். இருபத்து நாலு வயது இருக்கும். பர்சிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. 'ஹெர்பீஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். முத்தம், உடைக்கு மேலே தொட்டது, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் பயத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் தினமும் குளியலறையில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். சவரம் செய்த இடத்தில் வந்த பரு ஒவ்வொன்றும் அவருக்குக் கொப்புளமாகத் தெரிந்திருக்கிறது. அக்கா குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். எங்கள் டாக்டர் பார்த்தார். வெறும் பருதான்.

இந்த வைரஸ் இருக்கும் தோலோ புண்ணோ எச்சிலோ இன்னொருவர் தோலிலோ வாயிலோ நேரடியாகப் பட்டால்தான் பொதுவாகப் பரவுகிறது. உடையைத் தாண்டி வராது. கழிப்பறை இருக்கையிலோ துண்டிலோ ஒட்டிக்கொண்டு வராது. ஹெர்பீஸின் இரண்டு வகைகளில், முத்தத்தில் வரக்கூடியது பெரும்பாலும் வாயில் வரும் முதல் வகை. அது உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 64 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்குச் சிறுவயதிலேயே வந்தது. வாய்வழி உறவில் அது பிறப்புறுப்புக்கும் போகும். புண் தெரியாதபோதும் தொற்றலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையிலேயே தொற்றினால், அறிகுறி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். முதலில் ஓரிடத்தில் மட்டும் எரிச்சல், குறுகுறுப்பு. அப்புறம் சிவந்த தோலில் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து வலிக்கும் புண்ணாகும். முதல் தடவையில் காய்ச்சல் அடிக்கலாம், தொடை இடுக்கில் நெறி கட்டலாம், சிறுநீர் போகும்போது எரியலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு. புண் வந்தால் அது காய்வதற்குள் அதிலிருந்தே மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்ப்பதுதான் நம்பகமான வழி. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையையும் சீக்கிரம் தொடங்கலாம்.

ஐஜிஎம் இதில் எதையும் சொல்வதில்லை. பழைய தொற்று திரும்பும்போதும் பாசிட்டிவ் வரும். சின்னம்மை வைரஸ் போன்ற உறவுக்கார வைரஸ்களாலும் தவறாக வரும். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹெர்பீஸுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நீண்ட நாள் நிலைக்கும் இன்னொரு எதிர்ப்பொருளான ஐஜிஜி முழுதாகத் தெரிய 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒன்பதாம் நாள் எடுத்த ரத்தம் அந்தத் தொடர்பைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

பெயரால் வரும் குழப்பம் வேறு. அக்கி வந்த ஒரு பாட்டியின் சீட்டில் 'ஹெர்பீஸ் ஜோஸ்டர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே ஒருவரையொருவர் சந்தேகித்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அக்கி, சின்னம்மை வைரஸால் வருவது. பால்வினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் பேக்கேஜ்களிலிருந்து ஹெர்பீஸ் ஐஜிஎம்மை எடுத்துவிடுங்கள். யாராவது தானாக வந்து கேட்டால், "புண் ஏதும் இருக்கா? எத்தனை நாள் ஆச்சு?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். புண் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். இல்லையென்றால் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தைக் காட்டுங்கள், 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணைச் சொல்லுங்கள். ஒரு பரிசோதனைக் கட்டணம் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பட்டியலை மாற்றி அச்சடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வருகிறவர்களிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓர் ஆலோசகர்